எதிர்த்தரப்பு இல்லாத உரையாடல்

சமய உரையாடல் என்றால் தமிழ்நாட்டில் குருமடப் படிப்பு முடித்தவனுக்கு ஒரு மேடைதான் நினைவுக்கு வரும். ஒரு நாற்காலியில் மடத்துச் சுவாமிகள், ஒன்றில் ஹஜ்ரத், ஒன்றில் நம் ஆயர். குத்துவிளக்கு ஏற்றுவார்கள், மூவரும் பேசுவார்கள், பொன்னாடையோடு படம் எடுத்துக்கொள்வார்கள். கொஞ்சம் ஆழமாகப் படித்தவர்களுக்கு 1606-ல் மதுரைக்கு வந்து காவி கட்டிய தத்துவ போதகர் நினைவுக்கு வருவார். குளித்தலைப் பக்கம் காவிரிக் கரையில் 1950-ல் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமம் வரும். எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று இருக்கும்: எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கென்று ஒரு நூல், ஒரு கோயில், ஒரு குருபரம்பரை இருக்கும்.

பாப்புவா நியூகினியின் சிம்பு மாகாணத்து மலைப் பங்கு ஒன்றில் பொறுப்பேற்றபோது எனக்கு இருந்த முதல் தடுமாற்றமே இதுதான். எதிரே உட்கார யாரும் இல்லை. கோயில் இல்லை, ஏடு இல்லை, பூசாரி என்று ஒரு சாதியோ பரம்பரையோ இல்லை. கேட்டால் எல்லாருமே கிறிஸ்தவர்கள். நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் கிறிஸ்தவர்கள்தான். பிறகு யாரோடு உரையாடுவது?

விடை பிடிபடச் சில காலம் ஆயிற்று. ஞாயிறு பூசையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து நற்கருணை வாங்குகிறாரே, அவரோடுதான். அவருக்குள் அவருடைய பாட்டனும் முப்பாட்டனும் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், பன்றி செத்தால், நிலத்தகராறு வந்தால், வீட்டில் சாவு விழுந்தால் அவர்கள் பேசத் தொடங்குவார்கள். உரையாடல் அந்த மனிதருக்குள்ளேயே ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது. பங்குத்தந்தையின் வேலை அதில் பக்கத்தில் இடம்பிடித்து உட்காருவது.

இந்த மலைநாட்டின் கதை மிகச் சமீபத்தியது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடற்கரையில் ஃபின்ஷ்ஹாஃபன் பக்கம் லுத்தரன் மறைப்பணியாளர் யோகான் ஃப்ளையர்ல் 1886-லேயே வந்து இறங்கிவிட்டார். முதல் இரண்டு பேருக்கு ஞானஸ்நானம் கொடுக்க அவருக்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. உள்நாட்டு மலைகளிலோ லட்சக்கணக்கானோர் வாழ்கிறார்கள் என்பதே 1930-களில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 1934-ல் மிங்கெண்டேயில் கத்தோலிக்க மையம் தொடங்கியது. அதே ஆண்டு இறுதியில் சிம்புவில் கார்ல் மோர்ஷ்ஹாய்சர் என்ற குரு அம்பெய்து கொல்லப்பட்டார். அடுத்த சில வாரங்களில் யூஜின் ஃபிராங்க் என்ற சகோதரரும் அம்புக் காயத்தால் இறந்தார். ஆக, எங்கள் பங்கின் முதியவர்களுக்கு முன்னோர் சமயம் என்பது ஏட்டில் படித்த பழங்கதை கிடையாது. அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் வாழ்ந்த வாழ்க்கை அது.

புதிதாக வரும் மறைப்பணியாளர்களைக் கோரோக்கா நகரத்தில் உள்ள மெலனேசியன் இன்ஸ்டிட்யூட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. 1969-ல் கத்தோலிக்கத் துறவற சபைகள் தொடங்கிய அமைப்பு அது. பின்னால் லுத்தரன், ஆங்கிலிக்கன், யுனைடெட் சர்ச் ஆகியவையும் சேர்ந்து நடத்துகின்றன. அங்கே படித்ததில் என் தொழிலுக்கு அடித்தளமாக நின்றது, என்னியோ மந்தோவானி என்ற இத்தாலியக் குரு சிம்புவில் பல ஆண்டுகள் வாழ்ந்து எழுதியவை. பன்றித் திருவிழாவைப் பற்றிய அவருடைய விளக்கம் எனக்குக் கண்திறப்பு.

சிம்புவின் பன்றித் திருவிழாவைக் கேள்விப்படாதவர்களுக்குச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு குலம் முழுவதும் சேர்ந்து எடுக்கும் விழா. மைதானத்தைச் சுற்றி விருந்தாளிகளுக்கு நீண்ட கொட்டகைகள் எழும்பும். ஆண்கள் தலையில் சொர்க்கப் பறவையின் இறகுகளும் மார்பில் கினா சிப்பிகளும் அணிந்து ஆடுவார்கள். கடைசியில் நூற்றுக்கணக்கான பன்றிகளை அடித்து, மண்ணடுப்பில் சூடேற்றிய கற்களின் நடுவே வேகவைத்து, சம்பந்தி வீட்டாருக்கும் கூட்டாளிக் குலங்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். இறந்தவர்களின் பெயர் சொல்லப்படும். ஆண்டுக்கணக்கில் பெண்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டு வளர்த்த சொத்து ஒரே நாளில் தீர்ந்துபோகும்.

முதலில் வந்த வெள்ளைக்காரச் சாமியார்களில் பலருக்கு இது வீண்செலவாகவும் பேய் வழிபாடாகவும் பட்டது. சில மலைப் பகுதிகளில் ஆண்கள் ரகசியமாகக் காத்துவந்த மூங்கில் குழல்களைப் பெண்கள் முன்னால் எடுத்துப்போட்டு, ‘இதுதானா உங்கள் ஆவி?’ என்று கேட்டு மானத்தை வாங்கினார்கள். மந்தோவானி அதே விழாவை வேறுவிதமாகப் பார்த்தார். இங்கே தெய்வம் யார் என்று தேடினால் ஒன்றும் புரியாது. உயிர் எப்படிப் பெருகுகிறது என்று கேட்டால் எல்லாம் புரியும் என்றார். மனிதர், மண், பன்றி, இறந்தவர், சம்பந்தி என்ற இந்த உறவுகள் சரியாக இருந்தால் உயிர் பாயும். எங்காவது அறுந்தால் நோயும் விளைச்சல் குறைவும் சாவும் வரும். அறுந்ததைக் கட்டுவதுதான் சமயம். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி யோவான் நற்செய்தியை எடுத்தால், வாழ்வு பெறும்பொருட்டு, அதுவும் நிறைவாகப் பெறும்பொருட்டு வந்தேன் என்று ஆண்டவர் சொல்லும் இடம் இந்த மலைக்கே எழுதியதுபோல் இருக்கும்.

ஆனால் இதெல்லாம் வகுப்பறைப் பாடம். பங்கில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

நடுவயதுக்காரர் ஒருவர். தோட்டத்தில் நாலு பேர் வேலையைத் தனியாகச் செய்தவர். மாதக்கணக்காக இருமல், மாலையானால் காய்ச்சல், உடம்பு எலும்பாகிவிட்டது. பார்த்தாலே காசநோய் என்று தெரிகிறது. குண்டியாவா மருத்துவமனைக்கு அழைத்துப்போக வண்டியோடு போய் நின்றேன். வீட்டார் நகரவில்லை. அங்கே பங்குச் சாமியாரைப் ‘பாட்டர்’ என்று கூப்பிடுவார்கள். நோயாளியின் பெரியப்பா முறைக் கிழவர் சொன்னார்: “பாட்டர், ஊசி காய்ச்சலுக்குச் சரி. இவனுக்கும் இவன் அண்ணனுக்கும் உள்ள கோபத்துக்கு எந்த ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறார்கள்?”

மலைநாடு முழுக்க இந்த நம்பிக்கை உண்டு. மவுண்ட் ஹாகன் பக்கத்து மெல்பா மக்களிடம் இதை மானிடவியல் அறிஞர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள்: உள்ளே அடக்கிவைத்த கோபம் உடம்பை நோயாக்கும், அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு பன்றி அறுத்து முன்னோரோடும் உறவினரோடும் சமாதானம் செய்ய வேண்டும். இந்த இடத்தில் இரண்டு எளிய வழிகள் உண்டு. ‘மூடநம்பிக்கை, வண்டியில் ஏற்று’ என்று அதட்டலாம். அல்லது ‘உங்கள் பண்பாடு’ என்று சொல்லித் திரும்பிப் போகலாம். இரண்டிலும் ஆள் செத்துப்போவார்.

நான் உபதேசியாரைக் கலந்துகொண்டு ஒரு ஏற்பாடு சொன்னேன். இன்றிரவு பேச்சு, விடிந்ததும் மருத்துவமனை. இரண்டில் எது தவறினாலும் நான் ஒப்பமாட்டேன். அண்ணனை ஆளனுப்பிக் கூட்டிவந்தார்கள். நெருப்பைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம். நெடுநேரம் கிழங்கு விலை, சாலை, மழை என்றே பேச்சு சுற்றிச்சுற்றி வந்தது. அங்கே யாரும் விஷயத்துக்கு நேராக வரமாட்டார்கள், அவசரப்படுத்தினால் எழுந்துபோய்விடுவார்கள். நடுச்சாமத்துக்கு மேல்தான் அண்ணன் வாய்திறந்தார். தம்பியின் கல்யாணத்துக்குப் பெண்வீட்டாருக்குக் கொடுக்க அவருடைய பெரிய பன்றியை வாங்கியிருக்கிறார்கள். திருப்பித் தரவில்லை. அதைவிட, பங்கு பிரிக்கும்போது சபையில் அவர் பெயரையே சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டு அந்தப் பெரிய மனிதர் அழுதார். நோயாளியும் தன் பங்குக்குச் சொன்னார். பெயரைச் சொல்லாமல் விட்டது மறதியால் இல்லை, வேண்டுமென்றேதான் என்றார்.

காலையில் ஒரு சிறு பன்றியை அடித்து, இருவரும் ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்கித் தின்றார்கள். கிழவர் இறந்துபோன தன் அண்ணன்மார் பெயரைச் சொல்லி, கோபம் தீர்ந்தது, போய்விடுங்கள் என்று சத்தமாகச் சொன்னார். நான் நோயில்பூசுதல் கொடுத்தேன். இருவருக்கும் பாவசங்கீர்த்தனம் கேட்டேன். கேட்கப் புதிதாக ஒன்றும் மிச்சமில்லை. அப்புறம் வண்டி கிளம்பியது. மருத்துவமனையில் காசநோய் என்று உறுதிசெய்து ஆறு மாத மாத்திரை கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் பாதியில் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஏராளம். இவரை மாதாமாதம் மருந்து வாங்க இழுத்துப்போனவர் அந்த அண்ணன்தான்.

அன்று நடந்தது முன்னோர் சடங்கா, திருச்சபையின் அருட்சாதனமா, மருத்துவமா என்று கேட்டால் அந்தக் குடும்பத்துக்குக் கேள்வியே புரியாது. எனக்குப் புரிந்தது ஒன்று உண்டு. நம் பாவசங்கீர்த்தனத்தில் காதோடு காதாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். குற்றம் செய்யப்பட்டவர் அங்கே இருப்பதில்லை. அந்தக் குறையை இந்த மலைக்காரர்கள் எனக்குக் காட்டிக்கொடுத்தார்கள். உரையாடலில் நாமும் கற்றாக வேண்டும் என்று திருச்சபை ஏடுகள் சொல்வது இதைத்தான்.

முன்னோரைப் பற்றிய கேள்வி எல்லா ஞானஸ்நான வகுப்பிலும் வரும். “எங்கள் பாட்டன் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமலே செத்தான். அவன் எங்கே இருக்கிறான்?” கேட்பவரின் முகத்தைப் பார்த்தால் தெரியும். பாட்டன் நரகத்தில் என்று நான் சொன்னால் அவரும் பாட்டனோடு போய்ச் சேர முடிவுசெய்துவிடுவார். இங்கே எனக்குக் கைகொடுப்பது இரண்டாம் வத்திக்கான் சங்கம். தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், மனச்சான்றின்படி வாழ்ந்தவர்களும் மீட்படைய முடியும் என்று 1964-லேயே அது எழுதிவைத்துவிட்டது. ஆகவே நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் குலவாரியாக இறந்தோர் பெயரை வாசிக்கிறோம். ஞானஸ்நானம் பெறாதவர்களையும் சேர்த்தே. அன்று கோயில் கொள்ளாது.

குடும்பம் குடும்பமாக, குலம் குலமாகப் பேசி முடிவெடுக்கும் இந்த மக்களின் வழியை முதலில் மதித்தவர் ஒரு லுத்தரன் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1899-ல் வந்து சாட்டல்பெர்க் மலையில் பணியாற்றிய கிறிஸ்தியான் கைசர், தனித்தனி ஆள்களைப் பிரித்தெடுத்து மதம் மாற்றுவதை நிறுத்தினார். காட்டே மக்கள் கூட்டமாகக் கூடி, தாங்களே விவாதித்து, பில்லிசூனியப் பொருள்களைத் தாங்களே சபையில் கொண்டுவந்து போட்டார்கள். பின்னால் பக்கத்து இனங்களுக்கு நற்செய்தி கொண்டுபோனவர்களும் அவர்கள்தான். எதை விடுவது என்று வெளியாள் சொல்லவில்லை, ஊர் சொன்னது. அந்த முறைக்கும் குறைகள் உண்டு. கூட்டத்துக்கு ஒப்பாத தனி ஆளுக்கு அதில் இடம் குறைவு. ஆனாலும் வேர்பிடித்தது.

இதுவரை சொன்னதை வைத்து, உரையாடல் என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே உரையாடலுக்கு உண்மையான சோதனை சங்குமா. ஒருவர் செத்தால், குறிப்பாக இளைஞர் திடீரென்று செத்தால், யாரோ செய்வினை செய்து உயிரைத் தின்றுவிட்டார்கள் என்ற சந்தேகம் கிளம்பும். சிம்புவில் அதைக் ‘கூமோ’ என்பார்கள். எலி, வௌவால் போல ஒரு ஜந்து ஆளுக்குள் குடியிருந்து மற்றவர் ஈரலைத் தின்னும் என்பது நம்பிக்கை. விரல் நீளுவது பெரும்பாலும் ஆதரவற்றவர்கள் பக்கம்தான். 2013 பிப்ரவரியில் மவுண்ட் ஹாகனில் ஓர் இளம் தாயைப் பட்டப்பகலில் கூட்டத்தின் முன்னால் எரித்துக் கொன்றார்கள். உலகமே அதிர்ந்த பிறகுதான், செய்வினைக் குற்றத்தை ஏற்றுக்கொண்டிருந்த 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தை அரசு அந்த ஆண்டு நீக்கியது.

எங்கள் பங்கில் ஒரு சாவு வீடு. ‘ஹவுஸ் க்ராய்’ என்பார்கள்; தார்ப்பாய்ப் பந்தலின் கீழே நாள்கணக்கில் உறவினர் கூடி அழுவார்கள். இறந்தவன் கால்பந்து ஆடுகிற பையன். இரண்டாம் நாள் மாலையே பார்வைகள் ஒரு பக்கம் திரும்பிவிட்டன: கணவனை இழந்து, பிறந்த ஊரும் தூரமாகி, ஆண்பிள்ளை இல்லாமல் தோட்டத்து ஓரம் குடியிருக்கும் ஒரு பெண். உபதேசியார் என் காதில் சொன்னார், “இன்றிரவு, பாட்டர்.”

இதற்கென்று நாங்கள் பழக்கிவைத்திருக்கும் வேலைமுறை இருக்கிறது. இருட்டுவதற்கு முன்பே கன்னியர்கள் அந்தப் பெண்ணை, கிழங்கு எடுக்கப் போகிற சாக்கில், வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பெண்ணின் அண்ணன் தம்பிகளுக்குச் செய்தி போகும். அவர்கள் வந்து நின்றால் கூட்டத்துக்கு யோசனை வரும். மருத்துவமனையிலிருந்து சாவுக்கான காரணத்தை எழுதி வாங்கி, செவிலியர் ஒருவரைக் கொண்டே பந்தலில் எல்லார் முன்னாலும் வாசிக்கச் செய்வோம். குடும்பத்தின் சம்மதம் முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும். பங்குத்தந்தை அன்றிரவு வீட்டுக்குப் போகக் கூடாது. பந்தலிலேயே உட்கார வேண்டும்.

அன்று இரவு ஒருவர் எழுந்து கேட்டார்: “மூளைக்காய்ச்சல் என்று எழுதியிருக்கிறது. சரி. அந்தக் காய்ச்சலை இவனுக்கு அனுப்பியது யார்?” நான் பதில் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது. ஒரு கிழவர் எழுந்தார். பழைய காலத்திலும் இப்படிக் கொன்றிருக்கிறோம், நான் கண்ணால் பார்த்தவன் என்று ஒளிக்காமல் சொன்னார். கொன்ற பிறகு அந்தப் பெண்ணின் குலத்தோடு சண்டை வந்து, செத்தவர்கள் யார் யார் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார். கடைசியில், இந்தப் பாட்டர் நம் பந்தலில் நம்மோடு அழுதவர், நம் பன்றியைத் தின்றவர், அவர் சோற்றுக்கு வந்தவர் இல்லை என்றார். விடிவதற்குள் கூட்டம் கலைந்தது. அந்தப் பெண் இன்றும் உயிரோடிருக்கிறார். ஆனால் வேறு மாவட்டத்தில். அந்தத் தோட்டத்துக்கு அவரால் திரும்ப முடியவில்லை. எல்லா இரவும் இப்படி முடிவதும் இல்லை.

‘கூடாது’ என்ற சொல் உள்ளிருந்து வந்தால்தான் அங்கே நிற்கும். இதற்குப் பெரிய சான்று புனித பீட்டர் தோ ரோட். நியூ பிரிட்டன் தீவின் ரக்குனாய் ஊர்த் தலைவரின் மகன், திருமணமானவர், உபதேசியார். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுக் குருக்களை ஜப்பானியர் சிறைவைத்தபோது பங்கை நடத்தினார், பலதார மணத்தை மீண்டும் கொண்டுவந்தபோது ‘கூடாது’ என்றார், 1945-ல் கொல்லப்பட்டார். 2025 அக்டோபரில் நாட்டின் முதல் புனிதராக உயர்த்தப்பட்டார். பழைய வழக்கத்தில் எது தகும், எது தகாது என்று அந்த மண்ணின் மகனே பிரித்துக் காட்டினார்.

பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் சாத்தானுக்கு எழுதிக்கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. போர்ட் மோர்ஸ்பியில் 1984-ல் திறக்கப்பட்ட நாடாளுமன்றக் கட்டடம், சேப்பிக் பகுதியின் முன்னோர் வீடான ‘ஹவுஸ் தம்பரான்’ வடிவில் கட்டப்பட்டது. 2013 இறுதியில் அன்றைய சபாநாயகர், முகப்பில் இருந்த மரச் சிற்பத் தலைகள் தீய ஆவிகளின் உருவங்கள் என்று சொல்லி, அவற்றை அகற்றச் செய்தார். நாட்டின் முதல் பிரதமர் மைக்கேல் சொமாரே எதிர்த்தார். தேசிய நீதிமன்றம் 2016-ல் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அரசியல் சாசனத்தின் முகவுரை, முன்னோரின் உயர்ந்த மரபுகளையும் கிறிஸ்தவ நெறிகளையும் ஒருசேரக் காப்பதாக உறுதி சொல்கிறது. அந்தச் சாசனம் உருவானதில் பங்கெடுத்த பெர்னார்ட் நரோக்கோபி நல்ல கத்தோலிக்கர். மெலனேசியர்கள் தங்கள் வழியை விடாமலே கிறிஸ்தவராக இருக்கலாம் என்று வாழ்நாள் முழுக்க எழுதியவர்.

மரத்தலையை உடைக்கச் சொல்கிறவரும், விதவையை நோக்கி விரல் நீட்டுகிறவரும் ஒரே அச்சத்தில் நிற்கிறார்கள் என்பது என் அனுபவம். நிலமெல்லாம் பேய், பழையதெல்லாம் பேய் என்று பிரசங்கம் கேட்டு வளர்கிறவனுக்குச் சங்குமா பயம் கூடத்தான் செய்யும். எங்கள் மலையில் சில புதிய ஜெபக்குழுக்களில் ‘ஆவியானவர் காட்டினார்’ என்று சொல்லிச் சூனியக்காரியை அடையாளம் காட்டுகிறார்கள். பழைய குறிகாரர் செய்த அதே வேலை, கையில் பைபிள் மட்டும் கூடுதல். முன்னோரோடு பேசிப் பழகிய கிறிஸ்தவனிடம் இந்த வெறியை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். எது உயிர் தரும், எது உயிர் எடுக்கும் என்று கேட்டுப் பார்க்க அவனுக்குத் தெரியும். அந்தக் கேள்வி அவன் பாட்டனுடையது. நற்செய்தியின் கேள்வியும் அதுவே.

இப்போது தமிழ்நாட்டிலிருந்தும் குருக்களும் கன்னியரும் இந்த மலைகளுக்கு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது சில வேலைக் குறிப்புகள்தான். பொதுமொழியான டோக் பிசின் சீக்கிரம் வந்துவிடும். அதோடு நிற்காமல் உங்கள் பள்ளத்தாக்கின் மொழியையும் படியுங்கள், சாவு வீட்டில் ஒப்பாரி அதில்தான் வரும். கொடுத்த பன்றிக்கறியைத் தனியாகத் தின்னாதீர்கள், அங்கேயே பங்கு வையுங்கள். முதல் ஆண்டில் எந்தச் சடங்கையும் நல்லது, கெட்டது என்று பிரசங்கத்தில் தீர்ப்பளிக்காதீர்கள். முதியவர்களிடம் கேளுங்கள், அவர்களே தீர்ப்பைத் தருவார்கள். வண்டியில் எப்போதும் டீசல் இருக்கட்டும். சாவு வீட்டுக்குச் சொல்லியனுப்பினால் மறுநாள் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள், அன்றே போங்கள்.